புடவைக்கடை மாடியில் ஒரு பாறணை

அன்புள்ள அன்ரி,

இன்று காலை சுன்னாகத்தில் பஸ் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஃபோனைத் தட்டினேன். கேட்காமலே அது ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டியது. தட்டையான ஒரு சோற்றுக் கோப்பை. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, ஓரத்தில் நொறுங்கிய அப்பளம். மூலையில் இரண்டு மெல்லிய காப்புகளோடு உங்கள் கை. முகம் இல்லை, எனக்கு அது தேவையும் இல்லை. பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டு விலகும் அளவுக்கு "ஐயோ!" என்று கத்திவிட்டேன். அழுகை இல்லை, சத்தியமாக. கிண்ணம் வென்ற அணியின் படத்தைப் பார்த்தவள் போலத்தான் கத்தினேன்.

நீங்கள் காய்ச்சலில் விழுந்து நாலே நாளில் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. அந்த நாலு நாளைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் எழுதப்போவது அதற்கு முந்தியது. நீங்கள் வென்றது.

யாழ்ப்பாணத்தில் அந்தப் புடவைக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு, உங்களுக்கு ஐம்பத்துநாலு. சட்டைத்துணிப் பகுதியில் நாம் இருவரும், சேலைப் பகுதியில் மதி அக்கா. ஆளைப் பார்த்த உடனே எத்தனை மீற்றர் வேண்டும் என்று சொல்லிவிடுவீர்கள். மீற்றர்கோல் சும்மா சாட்சிக்கு. ஆனால் உங்கள் சொந்தச் சட்டைகள் மட்டும் மாதாமாதம் பிரித்துப் பிரித்துத் தைக்கப்பட்டு வந்தன. ஒருநாள் காத்தாடிக்கு நேர் கீழே நின்று கழுத்தைத் துடைத்தபடி மெல்லச் சொன்னீர்கள்:

"அது நிண்டு ரெண்டு வருசமாச்சுது பிள்ளை. அதுக்குப் பிறகு இடுப்பு என்ரை சொல்லுக் கேக்குதில்லை. திடீரெண்டு உடம்பெல்லாம் நெருப்புப் பத்துது, பிறகு வேர்த்து ஊத்துது. ஆரிட்டைச் சொல்லுறது?"

என்னிடம் சொன்னீர்கள். நான் என்ன செய்தேன்? ஃபோனை நீட்டினேன்.

அப்போது நான் ஒருத்தியின் தீவிர ரசிகை. எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஐம்பது வயதிலும் கொடியிடை என்று காலையில் பச்சைத் தண்ணீரும் மாலையில் வெள்ளரிக்காயும் காட்டுகிறவள். அவளுடைய ஒரு வீடியோவையும் விடமாட்டேன். வீடியோ வெட்டவும் ஒட்டவும் நானே கற்றுக்கொண்டது அவளைப் பார்த்துத்தான். உங்கள் புது ஃபோனில் கணக்குத் திறந்து, முதல் வேலையாக அவளைத்தான் பின்தொடர வைத்தேன். ஒரு கிழமை கழித்து நீங்கள் கேட்டீர்கள்:

"நான் ஒண்டைத்தானே பாத்தன் பிள்ளை. இது ஏன் நூறைக் கொண்டருது?"

உண்மைதான். உங்கள் ஃபோன் முழுக்கத் தட்டையான வயிறுகள். அதோடு உங்கள் பள்ளிக்கூடத் தோழிகளின் குழு. ஒரு கலியாணத்தில் எடுத்த உங்கள் படத்தை அதில் போட்டீர்கள். கனடாவில் இருக்கிற ஒரு தோழி, "என்னடி, ரெண்டு பேர் நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று எழுதி, சிரித்து உருளும் முகங்கள் நாலைச் சேர்த்துவிட்டா. நீங்களும் பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் போட்டீர்கள். பிறகு அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் ஃபோனுக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகுதான் விரதங்கள் தொடங்கின.

வெள்ளிக்கிழமை யாருக்கும் புதினமில்லை, கடையில் பாதிப்பேர் விரதம். பிறகு திங்கள் வந்தது. பிறகு செவ்வாய். பிறகு பிரதோசம், சதுர்த்தி, ஏகாதசி. மதி அக்கா ஒருநாள் கேட்டா:

"அன்ரி, உங்களுக்கு ஒரு சாமியோடையும் கோவமில்லைப் போலை?"

"எல்லாரும் நம்மடை ஆக்கள்தானே" என்றீர்கள். முதலாளி, "பக்தியெண்டா உதுதான்" என்று வாடிக்கையாளர்களிடமே உங்களைக் காட்டிப் பேசினார்.

எங்கள் ஊரில் விரதக்காரியைச் சாப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. அது பாவம். மாடியில் புடவைக்கட்டுகளுக்கு நடுவே நாங்கள் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது, மணம் உங்களுக்கு எட்டக்கூடாது என்று மறுபக்கம் திரும்பி இருந்தோம். மரியாதையாம்! நீங்கள் கீழே, முக்காலியில், சுடுதண்ணீரோடும் ஃபோனோடும் தனியாக இருந்தீர்கள். வீட்டில் அங்கிளிடம் "கடையிலை சாப்பிட்டிட்டன்" என்றீர்கள். நாலு மாதம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, மிகுந்த மரியாதையோடு, உங்களைப் பட்டினி போட்டோம்.

ஒரு புதன்கிழமை துணியை அளந்துகொண்டு நின்றவர், எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கட்டின்மேல் தொப்பென்று இருந்துவிட்டீர்கள். முகம் வெளிறிப் போயிருந்தது. கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோடா குடிக்கத் தந்தேன்.

"வேண்டாம் பிள்ளை, இண்டைக்கு விரதம்."

"இண்டைக்கு என்ன விரதம் அன்ரி?"

கொஞ்சம் யோசித்தீர்கள். "இண்டைக்கு… சதுர்த்தி."

என் ஃபோனில் பஞ்சாங்கம் இருக்கிறது. திறந்து பார்த்தேன்.

"சதுர்த்தி போன சனிக்கிழமை முடிஞ்சுது அன்ரி."

நீங்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

"என்ன செய்யச் சொல்லுறாய்? சாமிக்கெண்டு சொன்னாத்தான் ஒருத்தரும் ஏனெண்டு கேக்காயினம்."

"சாமி கேட்டவரோ உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லி?"

"சாமி கேக்கேல்லை." தலைப்பை விலக்கி, என் கையில் இருந்ததைக் காட்டினீர்கள். "உதுதான் கேட்டது."

எனக்கு அந்த இடத்திலேயே ஃபோனை யன்னலால் எறியவேண்டும் போல இருந்தது. சோடாவைக் குடித்தீர்கள். போத்தலை அடிவரை காலி செய்தீர்கள். எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவள் நான் அல்லவா?

அடுத்தநாள் கிளினிக்கில் அந்த டொக்டர் அம்மா நீங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டா.

"உது உங்கடை பிழையில்லை அம்மா. அது நிண்டாப் பிறகு உடம்பு வயித்தைச் சுத்தித்தான் சேர்க்கும். நீங்கள் பட்டினி கிடந்து குறைச்சது கொழுப்பை மட்டுமில்லை, தசையையும்தான். பருப்பு, மீன், முட்டை, இலைவகை சாப்பிடுங்கோ, நல்லா நடவுங்கோ. சோறும் சாப்பிடலாம், மலையாக் குவிக்காதேங்கோ."

வெளியே வந்ததும் ஃபோனை என்னிடம் தந்து, "கணக்கை அழிச்சு விடு" என்றீர்கள். நான் அழிக்கிற இடம்வரை போய்விட்டேன். பெருவிரலை வைக்கப்போகும் நேரம் என் கையைப் பிடித்தீர்கள்.

"நில்லு. நாலு மாசம் நான் ஃபோனுக்குள்ளை இருக்கிற ஆக்களைப் பாத்தன். ஒருக்கா அவையும் என்னைப் பாக்கட்டும். விரதமெண்டு சொன்னனான், பாறணை இல்லாமல் விரதம் முடியுமே?"

விரதம் முடித்துச் சாப்பிடும் சாப்பாடுதான் பாறணை. அதைத் தனியாகச் சாப்பிடுகிறவர் யார்? அடுத்த புதன்கிழமை இரண்டு கூடை நிறையச் சமைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். மாடியில் எல்லோரும் வட்டமாக இருந்தோம். நான் ஃபோனைப் புடவைக்கட்டில் சாய்த்து வைத்தேன்.

"முகத்தைக் கொஞ்சம் மினுக்கி விடவோ அன்ரி?"

"கை வைச்சியோ, மீற்றர்கோலாலை வாங்குவாய்."

பிறகு நேரே பார்த்துப் பேசினீர்கள். ஒரே தரம். திரும்ப எடுக்கவில்லை.

"எனக்கு ஐம்பத்தஞ்சு வயது. மாதவிலக்கு நிண்டு மூண்டு வருசம். வயிறு வைச்சிருக்கு. நாலு மாசம் விரதமெண்டு பொய் சொல்லிப் பட்டினி கிடந்தனான், உந்த ஃபோனுக்குள்ளை இருக்கிற பெட்டையளைப் போலை வரவேணுமெண்டு. முருகன் மன்னிச்சிடுவார். தசை கரைஞ்ச என்ரை முழங்கால் மன்னிக்காது. இண்டைக்குப் பாறணை. நீங்களும் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டீர்கள். அவசரப்படாமல், குழைத்து, விரல் நுனி வரை ருசித்து.

"அன்ரி, குழம்பு வழியுது!" என்று மதி அக்கா கத்தினா.

"வழியட்டும். வெட்டாதை பிள்ளை."

வெட்டவில்லை. அப்படியே தோழிகளின் குழுவில் போட்டோம். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று ஃபோன் காட்டியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. நீங்கள் கீழே ஒரு கலியாண வீட்டுக்காரருக்குச் சட்டைத்துணி வெட்டிக்கொண்டு நின்றீர்கள், வாசலை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தபடி. நான் செத்துக்கொண்டிருந்தேன். உங்களை மறுபடியும் முக்காலிக்கு அனுப்பிவிடுவார்களோ?

ஃபோன் அதிர்ந்தது. கனடாத் தோழி. எழுத்து இல்லை, குரல். கடை முழுக்கக் கேட்கும்படி போட்டேன்.

"எடியே, நானும் இஞ்சை ஏகாதசி எண்டுதான் வேலையிடத்திலை சொல்லிப்போட்டுப் பசி கிடக்கிறன். வெள்ளைக்காரருக்கு ஏகாதசி தெரியுமே? ஒருத்தரும் கேக்காயினம். அண்டைக்கு நான் எழுதினதை நினைச்சு வெக்கமாக் கிடக்கடி. எனக்கும் ஒரு கோப்பை போடு."

அவ்வளவுதான். பிறகு அணை திறந்த மாதிரி! ஒருத்தி இரவில் சாப்பிடுவதில்லையாம், ஒருத்தி சோற்றைக் கண்டால் அழுவாளாம், ஒருத்திக்கு இல்லாத பிரதோசமாம்.

"அப்ப ஊருலகத்திலை ஒருத்தரும் சாமிக்கெண்டு விரதம் பிடிக்கேல்லையோ?" என்றா மதி அக்கா. கலியாண வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்புக்குள் சேர்ந்துகொண்டீர்கள். அன்றைக்கு நான் கட்சி மாறினேன் அன்ரி. வெள்ளரிக்காய்க்காரியை விட்டுவிட்டு உங்கள் ரசிகை ஆனேன்.

அதன்பிறகு ஒவ்வொரு புதனும் உங்கள் மத்தியானச் சாப்பாடு அந்தக் குழுவில் வந்தது. காலையில் கடைக்கு முதல் நல்லூர் வீதியைச் சுற்றி நடந்தீர்கள். எடை கொஞ்சம் குறைந்தது, பிறகு கொஞ்சம் கூடியது. நீங்கள் தராசைத் தேடுவதையே விட்டுவிட்டீர்கள். சட்டையைப் பிரித்துத் தைக்காமல், புதிதாகவே அளவெடுத்து மூன்று தைப்பித்தீர்கள். ஒன்று தக்காளிச் சிவப்பு!

என் அம்மா உங்களை நேரில் கண்டதில்லை. வீடியோவில்தான் பார்த்திருக்கிறா. அவவுக்கு இப்போது ஐம்பது. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, மிஞ்சியதைக் குசினியில் நின்றபடி வாயில் போடுகிறவ. போன ஞாயிறு மத்தியானம், அப்பாவும் தம்பியும் விருந்துக்கு வந்த சித்தப்பாவும் சாப்பிடத் தொடங்க, அம்மா அகப்பையை என் கையில் தந்துவிட்டு, கதிரையை இழுத்து அவர்களுக்கு நடுவிலே இருந்தா.

"எனக்கு மாதவிலக்கு நிண்டிட்டுது. எனக்கும் பசிக்குது. சோத்தைப் போடு பிள்ளை" என்றா, அடுத்த வளவுக்கும் கேட்கிற குரலில்.

சித்தப்பா அப்பளத்தை உடைக்காமல் பிடித்தபடி இருந்தார். நான் ஒரு அகப்பை போட்டேன். அம்மா கோப்பையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினா.