ஏழு வாசலில் ஒரு சுண்டெலி

மார்ச் 3, செவ்வாய்

இடது கையும் நின்றுவிட்டது. காலையில் சட்டை மாட்டிவிடும்போது தெரிந்தது. அவருக்கு நேற்றே தெரிந்திருக்கும், சொல்லவில்லை. நரம்பு டாக்டர் போன வருஷமே சொன்னதுதான். தசைகள் ஒவ்வொன்றாகப் போகும், புத்தி மட்டும் கடைசிவரை விழித்திருக்கும் என்று. பேச்சு முதலிலேயே போயிற்று. மிச்சம் வலது கையில் இரண்டு விரல். அவற்றால் மடியிலிருக்கும் கீபோர்டில் தட்டுகிறார். எனக்கு வருவது: "தலையணை." "தண்ணி." "கால்." முப்பது வருஷத் தாம்பத்தியம் மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

கொல்லன் வந்திருந்தான். பிழைப்புக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். 'ஏழு வாசல்' விளையாட்டில் வாள் அடித்து விற்றதால் கொல்லன். அசல் பேர் எனக்கே மறந்துவிட்டது.

'ஏழு வாசல்' இவர் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் கட்டியது. படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. 'வடக்கு' என்று அடித்தால் வடக்கே போவோம், அங்கே என்ன இருக்கிறது என்று நாலு வரி வரும். டெலிபோன் கம்பி வழியாக வேறு வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து சண்டை போட்டார்கள், சரக்கு விற்றார்கள், காதலித்தார்கள். அப்படி ஒன்றைக் கட்டலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புரோகிராம் அவருடையது, அந்த நாலு நாலு வரிகள் என்னுடையவை.

மூன்றாவது இடம் இருட்டுச் சந்து. அதில் ஒரு பாழுங்கிணறு வைத்தேன். நேரே நடந்தால் விழ வேண்டியதுதான். கிழக்கே ஒதுங்கிப் போகவேண்டும், அது எங்கும் எழுதியிருக்காது. புதிதாக வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது பழையவர்களுக்குள் கட்டுப்பாடு. விழுந்தபிறகு கயிறு போட்டுத் தூக்குவார்கள், சிநேகம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஊரைக் கட்டின இவரே விழுந்தார். லேப் முழுக்கச் சிரிப்பு. அந்த வாரம்தான் என்னிடம் முதல்முறை தனியாகப் பேச வந்தார்.

கொல்லன் பழைய டிஸ்க்கிலிருந்து அதை எழுப்பிவிட்டானாம். "பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா வர்றாங்க அண்ணி. அண்ணனுக்கு ரெண்டு வெரலு போதும்."

வழுக்கை விழுந்தபிறகு வாள் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

மார்ச் 14, சனி

சமையலறை வரை கீபோர்டுச் சத்தம். மெதுவாக, ஆனால் நிற்காமல். எட்டிப் பார்த்தேன். திரையில் பத்திகள்! யாரோ ஒருத்திக்கு விவாகரத்தாம், ஆறுதல் சொல்கிறார். செத்துப்போன ஆட்டக்காரன் ஒருவனின் பழைய அறையில் எல்லோரும் கூடி அவன் செய்த போக்கிரித்தனங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் பின்னால் நிற்பது தெரிந்ததும் திரையை அணைத்துவிட்டார்.

"தண்ணி" என்று தட்டினார்.

எனக்குத் தண்ணி. ஊருக்கெல்லாம் கதை. நான் மட்டும் என்ன, தட்டுக் கழுவ வந்தவளா?

மார்ச் 17, செவ்வாய்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் மத்தியானம் நோயாளி கிடையாது, வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. கொல்லன் சொன்ன விலாசத்தைத் தட்டினேன். பேர் கேட்டது. 'சுண்டெலி' என்று கொடுத்தேன். கொடுத்தபிறகுதான் உறைத்தது, அங்கே அவர் பேர் 'ஆந்தை'. ஆந்தையைப் பார்க்க எலி போகிறது, நல்ல பொருத்தம்.

சாவடி, கல்படி, சந்து, கடைத்தெரு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கால் தானாகப் போயிற்று. கடைத்தெருவில் ஆந்தை உட்கார்ந்திருந்தார். கொல்லனும் இருந்தான்.

"புதுசா?" என்றார் ஆந்தை.

"ஆமா. இப்பத்தான் வர்றேன்."

ரொம்ப நேரம் பதில் இல்லை. விரல் மரத்துவிட்டதோ, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் பெண் பக்கத்தில் இருக்கிறாளோ இல்லையோ என்று வீட்டுக்குப் போன் போடப் போனேன். பிறகு எழுத்து வந்தது.

"உக்காரு. இங்க எல்லாம் பழசுங்கதான். ஒரு புதுசு வந்தா நல்லாத்தான் இருக்கு."

மார்ச் 26, வியாழன்

தினமும் மத்தியானம் போகிறேன். இன்று கடைத்தெருவில் வேறு யாரும் இல்லை. உடம்பைப் பற்றிச் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமா மரக்கட்டை ஆயிட்டிருக்கேன்."

வீட்டில் இதெல்லாம் பேசுவீர்களா என்று கேட்டேன்.

"பேசினா அவ என் முன்னாடி அழமாட்டா. பாத்ரூம்ல கொழாயத் தெறந்துவிட்டுட்டு அழுவா. எனக்குக் காது மட்டும் நல்லாத்தான் கேக்குது."

மேஜைக்கு முன்னால் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

இனிமேல் எங்கே போய் அழுவது?

ஏப்ரல் 8, புதன்

நுரையீரல் டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. மூச்சு குறைகிறது. தொண்டையில் துளை போட்டு மிஷின் வைத்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் விரலும் போகும், கண்ணிமையும் போகலாம், மிஷின் மட்டும் ஓடும். "இப்பவே கேட்டு வைங்க. திடீர்னு மூச்சு முட்டி வந்தா அவரால சொல்ல முடியாது."

கேட்டேன். "அப்புறம்" என்று தட்டினார்.

மகள் போனில்: "இதுல கேக்க என்னம்மா இருக்கு? போடச் சொல்லு. அப்பா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாப் போதும் எனக்கு."

அவள் சொல்வதும் நியாயம்தானே. பெற்ற அப்பா.

ஏப்ரல் 15, புதன்

சுண்டெலியிடம் சொல்லிவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"மிஷின் வைக்கலாமாங்கறாங்க. வேண்டாம். வெளிய வரமுடியாத ரூம்ல நான் இருக்கமாட்டேன்."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொன்னா, என்னைய அனுப்பிவச்ச பாரம் அவ தலையில ஏறிடும். ஆயுசுக்கும் எறங்காது. யாருன்னே தெரியாத ஆளுகிட்ட சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் பாரமில்ல."

யாரென்றே தெரியாத ஆள்.

நான் வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அந்த விளையாட்டில் பேச்சு எதுவும் பதிவாகாது. மேலே ஓடிப் போனால் போனதுதான். 'பேச்சு பேச்சா இருக்கட்டும்' என்று அந்த நாளில் அவரே வைத்த ஏற்பாடு.

ஏப்ரல் 16, வியாழன்

வீட்டில் மறுபடி கேட்டேன். நேருக்கு நேர், கையைப் பிடித்துக்கொண்டு. "மிஷின் வேணுமா வேண்டாமா? எதுவானாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்."

"சாப்டியா" என்று தட்டினார்.

மே 5, செவ்வாய்

ஆஸ்பத்திரி நாற்காலியில் எழுதுகிறேன். விடிந்ததும் நினைவு தப்பிவிட்டது. முகத்தில் ஆக்சிஜன் மூடி. மகள் வந்துசேர்ந்துவிட்டாள்.

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "முன்னாடி ஏதாவது சொல்லியிருக்காரா? உங்ககிட்ட?"

உங்ககிட்ட. அந்த ஒரு வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டேன். என்னிடமா சொன்னார்? வழியில் வந்த ஏதோ ஒரு எலியிடம் சொன்னார். நான் வேஷம் போட்டுக்கொண்டு போய்த் திருடியது. அதை வைத்து ஒரு உயிரை — கடவுளே.

"சொல்லியிருக்கார். வேண்டாம்னார்."

"எப்பம்மா?" மகள் எழுந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. எங்க தட்டினார், காட்டு."

காட்ட என்ன இருக்கிறது? டாக்டர் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

மே 6, புதன்

காலையில் போய்விட்டார். மூச்சுத் திணறல் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கை சூடாகத்தான் இருந்தது.

மே 19, செவ்வாய்

மகள் கிளம்பிப் போய்விட்டாள். சாவுக்கு வந்தவர்கள் முன்னால் ஒன்றும் பேசவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "அவர் சொல்லல. உனக்குப் பாத்துக்க முடியல, நீயே முடிவு பண்ணிட்ட."

அடித்திருந்தால்கூடத் தேவலை. பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், பாதி உண்மையோ என்ற பயம். என்னிடம் சொல்ல விரும்பாததை நான் எப்படி அவர் வாக்கு என்று எடுத்துக்கொண்டேன்? வேறு ஆள் என்று நினைத்து, விளையாட்டாக, ஒரு சலிப்பில் சொல்லியிருந்தால்?

மே 27, புதன்

குழாயைத் திறக்காமலே அழுகிறேன். கேட்க ஆள் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஏழு வாசலில் ஆந்தைக்கு இன்று அஞ்சலி என்று கொல்லன் தகவல் அனுப்பியிருந்தான். அவருடைய கீபோர்டில் உட்கார்ந்து சுண்டெலியாகவே போனேன். ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது.

கடைத்தெரு நிறைய ஆட்கள். நான் நுழைந்தேன்.

"வாங்க அண்ணி" என்றான் கொல்லன்.

இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். கெணத்துல விழாம கடைத்தெருவுக்கு வந்துசேர்ந்த ஒரே புதுசு நீங்கதானே."

கிணறு. நானே வைத்த கிணறு. பழக்கதோஷத்தில் கிழக்கே ஒதுங்கி வந்திருக்கிறேன்.

"நீங்க வந்து நின்னதும் அண்ணன் எனக்குத் தனியா அனுப்பினார். 'என் பொண்டாட்டி வந்திருக்கா. யாரும் கண்டுக்காதீங்க'ன்னார். அப்புறம் தெனம் மத்தியானம் எங்களயெல்லாம் வெரட்டிவிட்டுருவார். 'எலி வர்ற நேரம், கெளம்புங்கடா'ன்னு."

அந்த நீண்ட மௌனம் அதுதான். நான் விரல் மரத்துவிட்டது என்று பயந்தேனே, அப்போது இவர் கொல்லனிடம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

யாரென்றே தெரியாத ஆளாம். எத்தனை பெரிய புளுகு! பாரம் ஏறக்கூடாது என்று பொய் சொல்லிவிட்டுப் போன மனுஷன், அந்தப் பொய்யே இந்த நாற்பது நாளாக என்னைக் கொன்றதை அறியமாட்டார். என்னிடம்தான் சொன்னார். என்னைத் தெரிந்துதான் சொன்னார்.

எல்லோர் முன்னாலும் அழுதேன். எழுத்தில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் கொல்லன் "அழுங்க அண்ணி" என்றான்.

ஜூன் 15, திங்கள்

மகளைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். "என்ன?" என்று மட்டும் கேட்டாள், ஆனால் வைத்துவிடவில்லை. கிணற்றிலிருந்து ஆரம்பித்தேன்.