பட்டியலின் நாலாவது வரி

ஆரையம்பதியில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் பிரஷாந்தி நேற்றிலிருந்து கணவன் திவாகரனோடு பேசவில்லை. மறுபடி கட்டாருக்குப் போவதற்கான படிவத்தை அவன் மடிகணினியில் நிரப்பப்போனபோது, எழுத எழுதப் புள்ளிக்கோடுகள் அடுத்த வரிக்கு ஓடின. சண்டை அதில்தான் தொடங்கியது. காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடிகணினியின்மேல் ஒட்டினாள்.

"ஆத்து இறால் கறி சட்டிக்குள்ள இரிக்கு. சாப்பிட்டு மறுகா படிவத்தப் பாருங்க. திருத்தி வச்சிரிக்கன். சாம்பல் நிறப் பெட்டிகளுக்குள்ள மட்டும் எழுதலாம். மத்ததெல்லாம் பூட்டியிரிக்கு, இனிக் கோடு ஓடாது. கடைசிப் பெட்டி, எத்தின வருசம் எண்டு கேக்கிறது. அமத்தினாப் பட்டியல் விரியும்: ஒண்டு, ரெண்டு, மூண்டு. போன முறை ரெண்டு எண்டு போய் நாலு வருசம் இரிந்தீங்க.

வெளிய போனாத் திறப்பப் பூச்சட்டிக்குக் கீழ வைங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். துண்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

"பட்டியல்ல நாலாவதா நானும் ஒண்டு சேத்திரிக்கன்: 'போகல்ல'. கொம்பனிப் படிவத்தில அது இரிக்கக் கூடாதுதான். அழிக்கிறதெண்டாக் கடைக்கு வந்து என்னட்டக் கேளுங்க. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்."