மழையில் வந்து பாருங்கள்

பிப்ரவரி 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலம் பாப்பா மூலம் தெரிந்தது. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டுதான் மலைமேல் உங்கள் மின்நிலையப் படிகளில் ஏறி இறங்குகிறீர்களாமே. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் கொஞ்சம் யோசித்துச் சண்டை போடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாம் பிரிந்து, நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய் ஐந்து வருடமாகிறது. பாப்பாவும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு நான்கு அறைக்கு நான் ஒருத்தி. சாயங்காலம் ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்து ஒவ்வோர் அறையாக விளக்கைப் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். சின்னதுதான், எனக்குப் போதும்.

தரகர் வந்து பார்த்தார். வீடு விற்க ஏப்ரல், மேதான் சீசனாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பங்கள் வீடு தேடி அலையும், வெயிலில் வீடும் பளிச்சென்று இருக்கும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மழைக்கு முன்னாடி முடிச்சிடணும்மா. பின்பக்க ரூமுக்கு ஒரு பெயின்ட் அடிச்சு, அந்தச் சுவரோட ஒரு பீரோவை நிறுத்திடுங்க" என்றார். எந்தச் சுவர் என்று நான் காட்டவே இல்லை. பாம்பின் கால் பாம்பறியும்.

பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மார்ச் 6

கறார் அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.

வீட்டை விற்பதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கோடையில் விற்காதே. மே மாதம் நம் தெருவில் குழாய்த் தண்ணீர் நூல் மாதிரி வரும். வீடு பார்க்க வருகிறவன் முதலில் குழாயைத்தான் திருகிப் பார்ப்பான். மழைக்காலம் கேட்கவே வேண்டாம். மழை விட்டு ஒரு மாதம் போகட்டும். வாசலில் செடியெல்லாம் துளிர்த்து வீடு பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் வருடக் கடைசியில் யாரும் பெரிய செலவில் இறங்கமாட்டார்கள். ஆகவே புது வருடம் பிறந்து யோசிப்போம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.

முழங்கால் பரவாயில்லை. சாப்பாடு கேன்டீனில். சமைக்கிறவருக்கு உப்போடு ஏதோ பகை.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

வேண்டாம் என்று நீங்கள் சொன்ன மாதங்களையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். காலண்டரில் மிச்சம் ஒன்றும் இல்லை. போன வருடம் நான் பேச்செடுத்தபோதும் இதே கதைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். மனைவி இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. வீடு முழுக்கச் சுற்றிவிட்டுப் பின்பக்க அறைக்கு வந்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெயிலே தெரியலையே, இவ இங்க நல்லா தூங்குவா" என்றாள். தரகர் தன் ஆளை அனுப்பிப் புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரில் குழந்தை கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்த்துச் சிரித்தது. அங்கேயே அட்வான்ஸ் பேசலாம் என்றார் கண்டக்டர்.

நாமும் இந்த வீட்டை மே மாதத்தில்தான் பார்த்தோம். அப்போதும் அந்தச் சுவர் புதுப் பெயின்ட்டோடுதான் இருந்தது. முதல் மழையிலேயே அது ஊறிப் பொரிந்ததும், பாப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்ததும், ஒவ்வொரு மழைக்கும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். "சுவருதானே, அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்பீர்கள். அதுவும் நினைவிருக்கும்.

என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "இந்தச் சுவர் மழையில ஊறும்மா. என் பொண்ணுக்கு இந்த ரூம்லதான் இழுப்பு வந்தது. மழை பெய்யும்போது ஒரு தடவை வந்து பாருங்க. அப்பவும் பிடிச்சிருந்தா வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் குழந்தையைச் சட்டென்று சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டாள். தரகர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க. மழையில எவனாவது வீட்டைக் காட்டுவானா?" என்று கேட்டார். நான் காட்டுவேன் என்றேன்.

ஆகவே, வீடு விற்கும் மாதம் முடிவாகிவிட்டது. மழைக்காலத்தில்தான் விற்பேன். இதை மாற்ற யோசனை எழுதித் தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மே 3

கறார் அம்மையாருக்கு,

உன் கடிதத்தைக் காலையில் ஒருமுறையும் ஷிப்ட் முடிந்து ஒருமுறையும் படித்தேன். உலகத்தில் யாரும் செய்யாததை நீ செய்வாய் என்று எனக்குத் தெரியாதா?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன். தங்குவதற்கு நண்பன் வீடு இருக்கிறது, நீ ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம். அந்தச் சுவரை நானே உடைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் எங்கிருந்தோதான் வரவேண்டும், சுவர் தானாக அழாது. மழைக்குள் சரிசெய்துவிடுவேன். அதுவரை யாரையும் கூட்டி வராதே.

சுவர் சரியாகிவிட்டால் வீட்டை விற்கவே வேண்டியிருக்காதே.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


ஜூலை 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதமாகியும் நான் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. மழைக்காகக் காத்திருந்தேன்.

இந்த வருடம் தாமதமானாலும் தென்மேற்கு மழை வந்துவிட்டது. மூன்று நாளாக விடாமல் அடிக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் நாள் லேபிலிருந்து நனைந்துகொண்டே வந்து, புடவைகூட மாற்றாமல் பின்பக்க அறைக்குப் போய்ச் சுவரில் கையை வைத்தேன். காய்ந்து கிடந்தது. நேற்றும் இன்றும் அப்படியே. மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் சுவருக்குள்ளேயே உடைந்திருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அதை மூடி, வெளிப்பக்கமாகப் புதுக் குழாய் இறக்கினீர்கள். வேலை கச்சிதம். தலையெல்லாம் சிமென்ட் தூளோடு நீங்கள் இருமியதைப் பார்த்து டீ போட்டுக் கொடுத்தேன், சாப்பாடும் போட்டேன். நீங்களும் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டீர்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கிளம்பும்போது கேட்டருகில் நின்று, "சுவரு ஊறாம நின்னுடுச்சுன்னா நானும் வந்துடட்டுமா?" என்று கேட்டீர்கள். மழை வரட்டும் என்றேன்.

காய்ந்த சுவரில் கை வைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்கு நான்கே நாள்தான் பிடித்தது என்ற எண்ணம்தான் வந்தது. பாப்பா மூச்சுக்குத் திணறிய அத்தனை மழைக்காலத்திலும் உங்களிடம் நான் கேட்டது இந்த நான்கு நாளைத்தான். இப்போது கொடுத்தீர்கள். அதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் இந்த வீட்டில் உங்களோடு மறுபடி உட்கார்ந்து, அடுத்தது எதற்கு எத்தனை வருடம் கேட்க வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தெம்பாக இருக்கும்போதே என் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இன்று கண்டக்டரும் மனைவியும் குடையோடு வந்தார்கள். அந்தப் பெண் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள். "நிஜமாவே மழையிலதான் காட்டறீங்க" என்றாள். வாங்கிக்கொள்கிறார்கள். பதிவு ஆகஸ்ட் முதல் வாரம்.

கையெழுத்துப் போட வருவீர்கள் என்று நம்புகிறேன். வராவிட்டால் நானே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவேன். அந்த மலைப்பாதை பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இரக்கம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூலை 25

பாப்பாவின் அம்மாவுக்கு,

வருகிறேன். காலை வண்டியில் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன்.

பீரோவை இரண்டாம் மாடிக்கு ஏற்றும்போது கதவுகளைக் கழற்றிவிடச் சொல். இல்லாவிட்டால் படி வளைவில் சிக்கும். நீயாகத் தூக்க ஆரம்பிக்காதே.

கண்டக்டரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மொட்டைமாடிக் குழாய் வாயில் இலை வந்து அடைக்கும். மழைக்கு முன்னால் ஒருமுறை ஏறி எடுத்துவிட வேண்டும், ஐந்து நிமிட வேலை. நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். அவர் மனைவி சொல்லும் அன்றைக்கே ஏறிவிடும்படியும் சொல்கிறேன்.

பாப்பாவின் அப்பா