குழாய் திரும்பி வரும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

மாதக் கூட்டம். கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பரிசோதிக்க வரும் நூறு பேரில் எத்தனை பேரிடம், பின்னால் புற்றாக மாறக்கூடிய வளர்ச்சியைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு பட்டியல். ஆறு டாக்டர்கள், பெயருக்குப் பதில் எழுத்து. கடைசியில் 'ஊ'. நூற்றுக்குப் பதிமூன்று. மற்றவர்கள் முப்பதை ஒட்டி. 'ஊ' யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியுமாம். என் பக்கம் திரும்பாமல் இருக்க அத்தனை கழுத்தும் பட்ட பாடு!

எனக்கு வர வேண்டிய தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், என்னைவிட ஏழு வயது இளையவன். நான் வைத்த பெயர் புள்ளிவிவரம். "குழாயை வெளிய எடுக்கறப்போ ஆறு நிமிஷமாவது பாக்கணும் சார். மடிப்புக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருக்கு" என்றான். பார்த்தது எல்லாரையும். 'சார்' மட்டும் எனக்கு.

மார்ச் 5

இருபத்திரண்டு வருடம். என்னிடம் வருகிறவர்களுக்கு நல்ல குடலாக வாய்த்திருக்கக் கூடாதா?

மார்ச் 7, வெள்ளி

அவன் உத்தரவு: நர்ஸ் கையில் கடிகாரம். குழாய் குடலின் கோடி வரை போய்த் திரும்பத் தொடங்கியதும் அழுத்தினார். நான்கு நிமிடம் பதினொரு விநாடி. எட்டு நிமிடம் என்று சத்தியம் செய்திருப்பேன். கடிகாரம் பொய் சொல்லுமா? நான் சொல்வேனா?

மார்ச் 11, செவ்வாய்

வேலை முடிந்ததும் நர்ஸிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அதே திரையைப் பார்ப்பவர்.

"நான் விட்டது எதையாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

"சொல்லலாமா சார்?"

"ஏன், வாய்க்குப் பூட்டா?"

"பூட்டினதே நீங்கதான். 'குழாய் யார் கையில இருக்கோ அவங்க பாத்தாப் போதும்'னு எல்லார் முன்னாடியும் கத்துனீங்க. அதுலேர்ந்து நான் பேசறதில்ல."

நினைவில்லை. பிறர் எனக்குச் செய்ததெல்லாம் தேதியோடு நினைவிருக்கிறது.

கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். "உங்க அத்தான் வந்தாரே, அன்னைக்கு வலப்பக்க மடிப்புல ஏதோ தட்டையா, வெளிறித் தெரிஞ்சுது. சளியாக்கூட இருக்கலாம் சார். நீங்க பேசிக்கிட்டே தாண்டிட்டீங்க."

"என்ன பேசினேன்?"

"தலைவர் பதவி உங்களுக்குத் தராததப் பத்தி."

மார்ச் 12

மூன்று வருடம் ஆகிறது. 'சுத்தம், இனி பத்து வருடம் கழித்து' என்று அத்தானுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். இந்த அம்மா பழி தீர்க்கிறாரா? இருக்கலாம். இல்லாமலும் — ஐயோ, எதை நம்புவது?

மார்ச் 13

ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

"ஏன் மாப்ளே, அந்தக் கண்றாவித் தண்ணிய நாலு லிட்டர் குடிக்க வெச்சு, ராத்திரி பூரா கக்கூஸ்லயே குடியிருக்க வெச்சது பத்தலையா?" என்றார் அத்தான்.

"இப்ப புது முறை வந்திருக்கு அத்தான்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "புது முறையா, இல்ல நீ சரியாப் பாக்கலையா?"

"சரியாப் பாக்கல."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான்தான், "சரி, வர்றேன். இந்தத் தடவயாவது வாய மூடிட்டுப் பாரு" என்றார்.

மார்ச் 24, திங்கள்

அத்தானைப் பார்க்கக் குழாயைப் புள்ளிவிவரத்திடம் கொடுத்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. நர்ஸை முன்னால் கூப்பிட்டு, "எது தெரிஞ்சாலும் சொல்லுங்க" என்றான்.

வலப்பக்கம் முழுதும் பார்த்தான். ஒன்றுமில்லை. எனக்குள் ஒன்று துள்ளியது. அத்தான் தப்பித்தார் என்றா, நான் தப்பித்தேன் என்றா?

"இன்னொரு தடவ உள்ள போறேன்" என்றான்.

இரண்டாவது சுற்றில், "டாக்டர், அங்க" என்றார் நர்ஸ். எனக்குத் தெரியவில்லை. விரலை வைத்துக் காட்டிய பிறகும் தெரியவில்லை. தண்ணீரைப் பீய்ச்சிச் சளியைக் கழுவியதும், மடிப்பின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு, சுற்றியுள்ள சதையின் நிறத்திலேயே ஒன்று.

எடுத்தாயிற்று. அவன் என்ன சொல்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதிலும் தயார்.

"முதல் சுத்துல நானும் விட்டுட்டேன் சார்."

இவனை நான் இனி எப்படி வெறுப்பது?

ஏப்ரல் 2, புதன்

ஆய்வக முடிவு. புற்று இல்லை. இன்னும் சில வருடம் விட்டிருந்தால் ஆகியிருக்கும். வளர்ச்சி முழுதும் வெளியே வந்துவிட்டது. அக்காவிடம் போனில் சொன்னேன். "ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

'சுத்தம்' என்று நான் அனுப்பியவர்கள், மூன்று வருடத்தில் அறுநூற்றுப் பதினெட்டுப் பேர். திரும்ப அழைக்கும் கடிதத்தில் 'வழக்கமான மறுபரிசோதனை' என்று போடலாம் என்றான் புள்ளிவிவரம். அடித்துவிட்டு, 'முதல் முறை பார்த்த விதம் போதவில்லை' என்று எழுதினேன். கடிதம் போகட்டும். வயதானவர்களை நானே போனில் கூப்பிடுகிறேன்.

இன்று ஒன்பது பேர். எட்டாவது, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப யாரு பாத்தது?"

"நான்தாங்க."

"இப்ப யாரு பாப்பாங்க?"

"நர்ஸம்மாவையும் சேத்து மூணு பேரு" என்றேன்.