காப்பியடித்த எலும்பு

மார்ச் 4
வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பில் கட்டி. 'கால் வலிக்குதுன்னு நடிக்காதே' என்று பிள்ளைகளை விரட்டியே காலம் தள்ளிய உடற்பயிற்சி ஆசிரியைக்கு இது. ஏதோ ஒரு பிள்ளை மனமாரச் சபித்திருக்கிறது.

மார்ச் 9
கட்டியுள்ள துண்டை வெட்டியெடுத்துவிட்டு, த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்த உலோக எலும்பை வைப்பார்களாம். டாக்டர் கல்யாணப் பத்திரிகை அடிப்பது போலச் சொல்கிறார். தாமதித்தால் கட்டி ரத்தக்குழாயைத் தொட்டுவிடும், பிறகு காலையே எடுக்க வேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.
"இங்க் தீந்துடாம பாத்துக்கங்க டாக்டர்" என்றான் அண்ணன். சிரித்தது அவன் மட்டும்.

மார்ச் 10
பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 27
உலோகத் துண்டு தயார். அறுவை சிகிச்சை ஒத்திகைக்காக அச்சடித்த முழு எலும்பின் பிளாஸ்டிக் மாதிரியை டாக்டர் என் கையில் கொடுத்தார். தடவினேன். நடுவில் வளைவு, சின்ன மேடு.
"டாக்டர், இது என் இடது கால்."
"இல்லம்மா, வலதுதான்."
"இந்த மேடு இடது கால்லதான் இருக்கு. சின்ன வயசுல அண்ணன் சைக்கிள்லேருந்து தள்ளிவிட்டு, உடைஞ்சு, கோணலா சேர்ந்துச்சு."
அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.
எலும்பை வடிவமைத்த இன்ஜினியர் ஓடிவந்தார். கட்டி வலது எலும்பின் வடிவத்தைக் கெடுத்துவிட்டதால், இடது காலின் ஸ்கேனைக் கண்ணாடி பிம்பம் போல வலமாகத் திருப்பிப் போட்டு வரைந்தாராம். உலோகத் துண்டிலும் அதே கோணல்தானாம். வழக்கமே அதுதானாம். பரீட்சையில் காப்பியடிக்கிறவன்கூட, பக்கத்தில் இருப்பவன் படிக்கிறவனா என்று பார்த்துக்கொள்வான்.
"புதுசா அடிக்க மூணு வாரம் ஆகும்" என்றார்.
டாக்டர் புதிய ஸ்கேனைக் காட்டினார். கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே நூல் இடைவெளிதான். "இதையே பொருத்தலாம், தாங்கும். நடைதான் கொஞ்சம் கோணும். முடிவு உங்களோடது."

மார்ச் 28
கோணலே போதும் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு காலையும் நானே கெடுத்துட்டேன்" என்று அண்ணன் அழுகிறான். இதிலும் பெருமை தேடுகிறான். கால் இருக்கும்லண்ணா — அது போதாதா?

ஏப்ரல் 2
நாளை.

ஏப்ரல் 16
வெட்டிய ஓரங்களில் கட்டியின் சுவடே இல்லையாம். டாக்டர் போனதும் போர்வைக்குள் அழுதேன். வலிக்கிறது என்று நினைத்து நர்ஸ் மாத்திரை கொடுத்தார். மறுக்காமல் விழுங்கினேன்.

நவம்பர் 11
பள்ளிக்குத் திரும்பினேன். மைதானத்தில் எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி என் பின்னால் என் நடையை நடித்துக் காட்டினாள். அச்சு அசல்.
"மைதானத்தை ரெண்டு சுத்து. இதே நடையில" என்றேன்.
ஏமாற்றிவிடக் கூடாதே என்று, நானும் கூடவே நடந்தேன்.