தனம் அக்கா பாட்டுக்கு என்ன ஸ்கேல்?

ஆகஸ்ட், திங்கள்
தூறல். ரயில் ஜன்னல் மூட வரவில்லை, சட்டை நனைந்தது. வேலைக்குப் போகும் எங்கள் பெட்டியில் தினமும் காலை பஜனை. பாட்டை எடுத்துக் கொடுக்கும் தனம் அக்காவுக்கு வெள்ளியோடு பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலை முடிகிறது, ரிட்டயர்மென்ட். அப்புறம் ஏது ரயில், ஏது பாட்டு.

"குமாரு, கடைசி நாளு என் முருகன் பாட்டுக்கு கிடார் வாசிக்கிறியாப்பா?"

"ஆவட்டும்க்கா" என்று சொல்லித் தொலைத்தேன்.

செவ்வாய்
போனில் பார்த்துக் கிடார் பாடம். ‘சி’ மேஜர் ஸ்கேல் வந்துவிட்டது. முருகன் பாட்டு அதில் குதித்துக்கொண்டு வருகிறது. அடுத்தது மோடுகள். அதே ஏழு சுரத்தை ‘ஏ’யில் தொடங்கி ‘ஏ’யில் முடித்தால் வேறு ஸ்கேலாம், சோகமான மைனராம். ஏழும் அதே ஏழுதானே! விரல் வைக்கிற ஒரு கட்டமும் மாறவில்லை. பிறகு ஏன் சோகம்? கண்றாவி.

மனைவி, சமையலறையிலிருந்து: "இன்னாங்க, யாரு பூட்டாங்க? இப்டி அழுவுது கிடாரு!"

புதன்
தந்தி அறுந்தது. ஆண்டர்சன்பேட்டை கடையில் புதுசு வாங்கினேன். பால், கொசுவத்தி மறந்தேன். வீட்டில் திட்டு.
மோடு இன்னும் புரியவில்லை. தொடங்குகிற சுரமா, முடிகிற சுரமா, எது முக்கியம்?

வியாழன்
டோலக் வாசிக்கும் செல்வத்தைக் கேட்டேன். "சுதி எங்க நிக்குதோ அங்கதான் எல்லாம். மத்தது எனக்கு இன்னா தெரியும் மச்சான்?"
எங்களுக்குச் சுதிப்பெட்டி கிடையாது. மாரிகுப்பத்தில் வண்டி கிளம்பும்போது அடிக்கிற ஹாரன்தான் சுதி. அதைப் பிடித்துத்தான் அக்கா ஆரம்பிப்பார். நாளைக்கு எந்தச் சுரத்தில் அடிக்குமோ.

வெள்ளி
ஹாரன். தந்தியில் தேடினேன், ‘ஏ’. மொத்த ஸ்கேலையும் அங்கே நகர்த்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் விரல் பழைய ‘சி’ கட்டங்களிலேயே ஓடியது. முன்வாசிப்பு முடியும்போதே தெரிந்துவிட்டது. ஐயோ, மைனர்.

நிறுத்துவதற்குள் அக்கா அதன் பின்னாலேயே பாட ஆரம்பித்துவிட்டார். குதிக்கிற பாட்டு தேம்பியது. கைதட்டல் நின்றது. செல்வம் டோலக்கை விரலால் மட்டும் தொட்டான். அக்காவுக்குக் கண்ணீர் கொட்டுகிறது, ஆனால் நிறுத்தவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"தப்பா வாசிச்சுட்டேன்க்கா, மன்னிச்சுக்குங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு வாரமா அல்லாரும் இனிமே ரெஸ்ட்டு, சந்தோசமா இருன்னே சொல்றாங்க. நீதான் அழ வுட்ட. இன்னா ராகம்பா இது?"

அதே ஏழு சுரத்தையும் ‘ஏ’யிலிருந்து மறுபடி வாசித்துக் காட்டினேன்.