லாரி இல்லாத நேரத்தில் ஆடிய முள்

உன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் செம்பனைப் பழம் வேகும் வாசம் வந்தது. நாம் ஆலையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. நீ போயே மூன்று வருடம் ஆகிறது. வாசம் மட்டும் போகவில்லை. போன வாரம் நம் சிகாமட்டில் நிலம் அதிர்ந்ததைக் கேள்விப்பட்டு, உன் மகள் ஜொகூர் பாருவிலிருந்து வந்து இதைக் கொடுத்தாள். "அம்மா இருந்திருந்தா இந்நேரம் ஒங்க வீட்டு வாசல்லதான் நின்னுருப்பாங்க ஆன்ட்டி. நீங்களே வச்சுக்குங்க," என்றாள். வாங்கி இரண்டு நாள் மேசைமேல் அப்படியே வைத்திருந்தேன். திறக்கப் பயமாக இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

பெக்கோக் பக்கத்து எண்ணெய் ஆலையில் நீ லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் குமாஸ்தா. நான் பரிசோதனைக் கூடத்தில் எண்ணெயின் அமிலம் பார்ப்பவள். ஒரு நாள் லாரி எதுவும் ஏறாத நேரத்தில், தராசின் பெரிய முள் தானாக இரண்டு பக்கமும் அசைந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாய்.

"அலமாக்! முள்ளு தானா ஆடுதுடி. பேயா இருக்குமோ?"

"பேய்க்கு ஏதுடி எடை?" என்றேன்.

மறுநாள் பத்திரிகையில் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் நிலநடுக்கம் என்று போட்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் உனக்கு அப்புறம் விடவே இல்லை.

முள் ஆடிய நாளையெல்லாம் எழுதி வைத்தாய். சிகாமட் நூலகத்தில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சுமத்ரா குலுங்கிய தேதிகளைத் தேடித் தேடி எடுத்தாய். ஆண்டுக்கு ஒன்றாகக் கட்டம் போட்ட தாள் பட்டைகள் வெட்டி, ஆடிய நாளில் சிவப்புப் புள்ளி வைத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சமையலறை மேசையில் அந்தப் பட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருப்போம். குழம்பு அடிப்பிடித்தது கூடத் தெரியாது. உன்னைக் கேலி செய்தேனே தவிர, எனக்கும் ஆசைதான். அடுத்தது எப்போது என்று பூமியிடமே கேட்டுவிடலாம் போலிருந்தது.

கடைசியில் ஒரு முறை தெரிந்தது. உன் சொந்தப் பட்டைகளில் புள்ளிகள் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, படிக்கட்டு மாதிரி இறங்கின. பழைய தேதிகளில் சிலதும் அந்தப் படிகளில் வந்து உட்கார்ந்தன. உட்காராதவைதான் அதிகம். கேட்டால், "அப்ப எழுதுனவன் தூங்கிட்டான் லா," என்பாய். "பூமிக்கு ஒரு மொற இருக்குடி. நாமதான் சரியா பாக்கல."

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் சிகாமட் மண்டபத்தில் நிலநடுக்கம் பற்றிப் பேச வருகிறார் என்றதும் அவரிடம் காட்டுவதென்று முடிவு செய்தாய். பட்டைகளை அட்டையில் ஒட்டினாய். புதுச் சேலை கூட எடுத்து வைத்தாய்.

அதற்கு நான்கு நாள் முன்னால் விடுமுறை விண்ணப்பம் எழுத, பழைய நாட்காட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று விளங்கிவிட்டது. உன் இடத்தில் மாற்று வேலை பார்த்த மலாய்க்காரத் தோழிக்கும் உனக்கும் ஓர் ஏற்பாடு உண்டே: தீபாவளிக்கு அவள் வருவாள், நோன்புப் பெருநாளுக்கு நீ இருப்பாய். பெருநாளுக்கு ஆலை மூடும்; எடைமேடைக்கு மட்டும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். லாரி வராது. அந்த நாலைந்து நாளில்தான் முள் அசையாமல் நிற்கும், நீயும் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். மற்ற நாளெல்லாம் லாரி ஏறி இறங்கும் ஆட்டத்தில் எந்தப் பூகம்பம் தெரியப்போகிறது?

இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது? கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "பூமி ஒன்னும் மொறையா ஆடல லா. பெருநாள்தான் வருசா வருசம் முன்னால வருது! லீவு விட்டாத்தான் இவளுக்குப் பூகம்பமே வரும்!"

லாரி ஓட்டுநர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "ஆமால்ல," என்று மட்டும் சொன்னாய்.

மண்டபத்துக்கு நீ போகவில்லை. அதன்பிறகு பிள்ளைகளின் கல்யாணம், இரத்த அழுத்தம், சிங்கப்பூர் சம்பளம் என்று உலகத்தையே பேசினோம். நிலநடுக்கம் பற்றி மட்டும் என்னிடம் நீ வாய் திறக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, அதைத்தான் கேட்க நினைத்து, காற்றாடி சத்தம் போடுகிறது என்று எதையோ பேசிவிட்டு வந்தேன். உன் தேடலை நான்தான் கொன்றேன் என்று இத்தனை வருடமும் மனது அரித்தது.

நேற்றுதான் துணிந்து திறந்தேன். கேன்டீன் சம்பவத்துக்கு மறுநாள் தேதி போட்ட பக்கம். உன் குண்டு எழுத்து: "அவள் சொன்னது சரி. சொன்ன இடம்தான் சரியில்லை."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன.

அதற்குக் கீழே நீ மூன்று கட்டம் போட்டிருந்தாய். ஆடியது. ஆடவில்லை. பார்க்கவில்லை. தினமும் எழுதியிருக்கிறாய். "பார்க்கவில்லை: லாரி." "பார்க்கவில்லை: மகளுக்குக் காய்ச்சல்." வேலையை விட்ட பிறகு வீட்டு ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்து எழுதியிருக்கிறாய். பழைய சுமத்ரா தேதிகளின் நடுவே விழுந்த இடைவெளிகளில் எல்லாம் பென்சிலால் ஒரு கேள்வி: "அப்போது பார்க்க ஆள் இருந்தாரா?" தூங்கிவிட்டான் என்று யாரையும் நீ சொல்லவில்லை. கடைசிப் பக்கங்களில் ஓரிடத்தில், "முறை எதுவும் தெரியவில்லை. இன்னும் பார்க்க வேண்டும்," என்று இருந்தது.

போன வாரம் ஆடியது சுமத்ராவிலிருந்து வந்ததல்ல, தெரியுமா? நம் காலடியிலேயே. அன்று காலையில் எங்கள் தாமான் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். அலமாரி ஆடியது, கண்ணாடி கலகலத்தது என்று ஆளுக்கொரு கதை. "ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சாக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். "நல்லாத் தெரிஞ்சுச்சு," என்றேன். பொய். உன்னோடு அத்தனை வருடம் பட்டை நகர்த்தியவள், வீட்டு வாசலுக்கே வந்ததைத் தவறவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இன்று உன் கடைசி வரிக்குக் கீழே அந்தத் தேதியைப் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்: "பார்க்கவில்லை: துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது."

பிறகு சமையலறை ஜன்னலில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, தேநீர் ஆறும் வரை அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஆடவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.